வாஷிங்டன் கேட்ட கையெழுத்து

— வெண்டல், அந்த உருளைக்கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு? குத்திக்கிட்டே இருக்க.

— பசிக்கல, லோர்னா.

— உனக்கா! கல்யாணமானதுலேர்ந்து இன்னைக்குத்தான் இதைக் கேக்குறேன். டவுன் கவுன்சில்ல என்ன ஆச்சு?

— என்ன ஆகும்... பேசினாங்க. காபி குடிச்சாங்க. மறுபடி பேசினாங்க.

— ஊர் போலீஸ் தலைவரு பொண்டாட்டிகிட்டயே மழுப்புறாரு பாரு. கையெழுத்துப் போட்டியா, இல்லையா?

— நீ என்ன, எந்நேரமும் இதையே...

— ஊரே கேக்குது. நான் கேட்டா ஆகாதா?

— வாஷிங்டன்ல தெளிவாச் சொல்லிட்டாங்க. ஸ்டேஷனுக்கு யார் வந்தாலும் குடியுரிமைக் காகிதம் இருக்கான்னு பார்க்கணும். இல்லாதவங்கள குடியேற்ற அதிகாரிங்ககிட்ட ஒப்படைக்கணும். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் நம்ம ஸ்டேஷனுக்கு மானியப் பணம்.

— இல்லன்னா?

— சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. என்கிட்ட இருக்குற ரெண்டு போலீஸ்காரங்க, கோடியையும் டானாவையும் வேலையை விட்டு அனுப்பணும். டானா மாசமா வேற இருக்கா.

— ஐயோ...

— இன்னொரு பக்கம் அந்தச் சலவைக்கடைக் கொள்ளை. கடைக்காரக் கிழவர் மண்டைய உடைச்சவனப் பார்த்தது ஒரே ஒருத்தி. இறைச்சி ஆலையில வேலை பார்க்குற எல்வியா. இந்தப் பேச்சு அடிபட்டதும் ஆளையே காணோம். இந்தப் பனியில எங்க போனாளோ...

— காகிதம் இல்லாதவ. நீயா இருந்தா வருவியா?

— மாட்டேன்... அதான், லோர்னா.

— அதான்னா?

— திட்ட மாட்டியே?

— இப்ப கரண்டியாலயே போடப் போறேன். சொல்லுய்யா!

— கையெழுத்துப் போடல.

— நிஜமாவா? கவுன்சில்?

— அவங்களும் மானியம் வேண்டாம்னு தீர்மானம் போட்டுட்டாங்க.

— அப்ப டானா? கோடி?

— ரெண்டு பேரும் இருப்பாங்க. என் சம்பளத்தை எடுத்துக்குங்கன்னுட்டேன். இந்தக் கொள்ளை வழக்கு முடிஞ்சதும் வேலையை விட்டுட்டு நான் வீட்டுலதான்... உன்னைக் கேக்காமப் பண்ணிட்டேன். கோவமா?

— கிட்ட வா.

— அடிக்கவா?

— மீசையில குழம்பு ஒட்டியிருக்கு. துடைச்சு விடுறேன்... நாளெல்லாம் வீட்டுல உன்னை எப்படிச் சமாளிக்கப் போறேனோ, தெரியல.

— அழறியா? ஏய்... சாப்பாட்டை விட்டுட்டு மாடிப்படிப் பக்கம் எங்க போற?

— சும்மா இருய்யா... எல்வியா! இறங்கி வாம்மா, ஒளிஞ்சது போதும். என் புருஷன் கையெழுத்துப் போடல!