மிச்ச ஆயில்

ஹலோ... ஆமா, நாலாயிரத்து இருநூறு. நீ தர வேண்டியது அவ்வளவுதான்... அதுல ஆயிரத்து ஐநூறைக் கழிச்சுக்கணுமா? எதுக்கு?... ம்... ம்... என் பைக்குக்கு ஆயில் மாத்தினதுக்கு. சரி மச்சான். அதைப் பேசத்தான் நானும் காலைலேர்ந்து உனக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன்.

எங்கேர்ந்தா? மெக்கானிக் கடையிலேர்ந்து. வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்காரு... இரு, நீ பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஞாயித்துக்கிழமை வண்டியை இரவல் வாங்கிட்டுப் போனியே, என்ன ஆயில் ஊத்தினே?... விலையைக் கேக்கல. என்ன ஆயில்?... உங்க முதலாளி காருக்கு வாங்கினதுல மிச்சம்... ஆமா, ஆமா, ஒசத்தி ஆயில்தான். யாரு இல்லேன்னது?

காருக்கு ஒசத்தி. காருல கிளட்ச் தனியாக் காஞ்சு கிடக்கும். பைக்குல அந்த ஆயில்லயே ஊறிக்கிட்டுத்தான் ஓடும். உன் ஒசத்தி ஆயில்ல வழுக்கறதுக்குன்னே ஏதோ சேத்திருக்கானாம். கிளட்ச் பிளேட்டு எல்லாம் பிடிப்பு விட்டுப் போச்சு... நான் சொல்லல, மெக்கானிக் சொல்றாரு. அவர்கிட்ட பேசறியா?... பேச மாட்டே.

சிரிக்காத. எங்க வழுக்குச்சுன்னு தெரியுமா? மேம்பாலத்து ஏத்தத்துல... பின்னாடி யாரா? உங்க அக்காதான். வேற யாரை ஏத்திக்கிட்டு நான் கட்டட வேலைக்குப் போறேன்? மடியில சாந்துச் சட்டி. முறுக்கறேன், எஞ்சின் கத்துது, வண்டி நகரல. இன்னும் முறுக்கறேன், இன்னும் கத்துது. அப்புறம் பின்பக்கமா உருள ஆரம்பிச்சுது. பின்னாடி ஜல்லி லாரி.

...இருக்கா. உயிரோடதான் இருக்கா. லாரிக்காரன் பிரேக் நல்ல பிரேக்கு. இவ பயந்து குதிச்சுட்டா. கையை ஊணி விழுந்தா... வலது கை. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு... ஆமா, கட்டுப் போட்டாச்சு. ஒன்றரை மாசம் சட்டி தூக்கக் கூடாதாம். மேஸ்திரி அதுக்குள்ள வேற ஆளைச் சேத்துட்டாரு.

நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்லாத. நல்லது செய்யறவன் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வான். ஊத்தறப்போ ஒளிஞ்சு ஊத்தினே, கழிக்கறப்போ மட்டும் முன்னாடி வந்து நிக்கறே.

என்னது?... ரிப்பேர்ல பாதி நீ தர்றியா? தர வேண்டியதையே தராதவன் பாதி தர்றானாம். கேட்டியாம்மா?... ஆமா, உங்க அக்கா இங்கதான் பெஞ்சுல உக்காந்திருக்கா... இரு, கேக்கறேன். உன் தம்பி பேசணுங்கறான்.

...தலையாட்டறா. எப்படின்னு வேற கேக்கறியா? வேணாங்கற மாதிரிதான்.

இரு, ஏதோ சொல்றா... ம்... சரி, கேட்டுக்கோ. அந்த நாலாயிரத்து இருநூறு வேணாம்... கழிக்கல, மொத்தமா வேணாம்... நன்றி எல்லாம் அப்புறம், முழுசாக் கேளு. கடனைக் கேக்கணும்னா உனக்குப் போன் போடணும், உன் படியேறணும், உன் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்கு அந்தக் காசு போகட்டும்னு சொல்லிட்டா. நான் சொல்லல, உங்க அக்கா சொன்னா. நாலாயிரத்து இருநூறைக் குடுத்துத் தம்பியைத் தொலைச்சா அது மலிவுதானாம்.

...

அழறியா?... வேணாம். வீட்டுக்கு வராத... வராதன்னா வராத.

...

மாமான்னு கூப்பிடாத. அதையும் சேத்துத்தான் தள்ளுபடி பண்ணியிருக்கு. மெக்கானிக் கூப்பிடறாரு. வெக்கறேன்.