மூன்றாம் சக்கரத்துப் பள்ளம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காபி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. வெர்னாவைப் பற்றிக் கேட்டீர்களே, அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இனி அதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

எல்கோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையில் சூதாட்ட இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் செய்த வேலை அது. அவர் போன பிறகு எனக்கு வந்தது. பக்கத்து வீட்டு வெர்னா மத்தியானமானால் வந்து ஜன்னலோர இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிடுவாள். காசு போட்டு, பக்கவாட்டில் இருக்கும் ஒற்றைக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுற்றி, ஆளுக்கொரு படமோ எண்ணோ காட்டி நிற்கும்.

"ஏண்டி ஓபல், உன் ஒத்தைக் கைக்காரன் இன்னிக்கும் என்னை மொட்டையடிச்சிட்டான்டி."

"கையைப் பிடிச்சு இழுக்கிறது நீ. பழி மட்டும் அவன் மேலயா?"

சிரிப்பாள். அந்த ஊரில் எனக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

அவள் மகள் லோரீன், அம்மாவுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு சாக்ரமெண்டோ போனவள். அந்த வசந்தத்தில் அவளுக்கு நெஞ்சுநோய் முற்றிவிட்டது. அம்மா வந்தால் போதும் என்று அழுதாளாம். வெர்னாவுக்குப் போக ஆசை, ரோஷம் விடவில்லை. மனம் இரண்டுபட்டால் முடிவை இயந்திரத்திடம் விட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"மூணு ஏழும் வரிசையா நிக்கட்டும்டி. அன்னிக்கே பஸ் ஏறிடறேன். அங்கயே இருந்துடுவேன், திரும்ப மாட்டேன்."

மறுநாள் காலையில் இயந்திரத்தின் முதுகைத் திறந்தேன். ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒரு தகடு சுற்றும். அதன் விளிம்பில் படத்துக்கு ஒரு பள்ளம். கம்பி விரல் எந்தப் பள்ளத்தில் விழுகிறதோ அந்தப் படத்தில் சக்கரம் நிற்கும். மூன்றாம் தகட்டில் ஏழுக்குரிய பள்ளத்தை நகக்கண் அளவு இரும்புத் துண்டால் அடைத்தேன். இனி விரல் வழுக்கி அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். ஏழு கண்ணுக்குத் தெரியும். நடுவில் மட்டும் நிற்காது. முதலாளிக்கு இது தெரியாது. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

"பாருடி, மயிரிழையில தப்பிடுச்சு. நாளைக்கு வந்துடும், இல்ல?"

"வரும். எங்க போயிடப்போவுது?" என்று ஆப்பிள் பணியாரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். நன்றாகச் சாப்பிட்டாள் அந்த நாட்களில்.

லோரீன் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். நான்தான் எடுத்தேன். பேச்சுக்கு நடுவே இருமல்.

"அம்மா கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிக்கிட்டே இருக்காங்க, கண்ணு."

அதில் பொய் ஏதுமில்லை. தினமும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

கோடை பிறக்கும் முன்னே லோரீன் போய்விட்டாள். வெர்னா அடக்கத்துக்கு மட்டும் போய் வந்து, கறுப்பு உடையோடு அதே இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அன்று காலைதான் இரும்புத் துண்டை எடுத்திருந்தேன். அதற்கு இனி வேலை இல்லை. சாயங்காலம் மூன்று ஏழும் வரிசையாக நின்றன. காசு கொட்டித் தரையில் உருண்டது. அவள் குனியவே இல்லை.

"இப்ப எங்கடி போவேன், ஓபல்?"

"எங்கயும் போக வேணாம். நான் இருக்கேன்ல."

என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கடைசிவரை நான்தான் சமைத்துப் போட்டேன், தலை வாரிவிட்டேன். அவள் மறுபடி சிரிக்கவில்லை, அதுதான் ஒரு குறை. ஆனால் என்னைப்போல் யார் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

நேரமாகிறது, போய்ப் படுங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். அதில் இருப்பவர் யாருக்கும் உங்களை விட்டுப் போக வழி கிடைக்காமலே இருக்கட்டும்.