ராமேஸ்வரத்துல இன்னொரு காப்பி

...அழிச்சது மொதலாளியோட மாப்ள, பஸ்ஸுல விழுந்தடிச்சு ஓடுறது நானு. இது என்ன நாயம்னு நீங்களே சொல்லுங்கக்கா. இல்ல இல்ல, சன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து வேண்டாம். இந்த டிரைவரு வேற, உச்சிப்புளிக்கே இந்த உருட்டு உருட்டுறாரு, பாலத்துக்கு எப்பப் போயி, ராமேஸ்வரத்துக்கு எப்பப் போயி...

எம் பேரு துர்காதேவிக்கா. கடலாடிப் பக்கம். ராம்நாட்டுல ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டரெல்லாம் நாந்தான் பாக்குறேன். பாக்குறேன்னா டைப் அடிக்கிறேன்னு நெனச்சிராதீக. எங்கம்மா அப்பிடித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. சர்வருக்கா. ஒரு பெரிய மிசினு, அதுக்குள்ள அஞ்சாறு கம்ப்யூட்டரு. எப்பிடின்னா... ஒரு வீட்ட மறிச்சு மறிச்சுத் தட்டி வச்சு அஞ்சாறு குடித்தனம் விடுவாகள்ல? அது மாதிரி. ஒண்ணுல பில்லு, ஒண்ணுல ரத்த டெஸ்ட்டு, ஒண்ணுல ஸ்கேன் படம். ஒவ்வொண்ணும் தான் தனி வீட்டுல இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். வர்ச்சுவல் மிசினும்பாக. ஆனா சட்டி பானையெல்லாம் அங்கன கெடையாது. வயரு போட்டு இன்னொரு பொட்டி, ஸ்டோரேஜ் பொட்டி, அதுக்குள்ளதான் மொத்தமும் கெடக்கும். ஒரு குடித்தனம் முழுசும் ஒரு ஃபைலு. அந்த ஃபைல அழிச்சா குடும்பத்தோட காலி. வெளங்குதாக்கா? வெளங்காட்டியும் தலையாட்டுறீக பாருங்க, அதுவே எனக்குப் போதும். எங்க மொதலாளி அதுகூடச் செய்யமாட்டாரு.

மொதலாளி செல்லச்சாமி. மொளகா, பருத்தின்னு போட்ட ஆளு, திடீர்னு ஸ்கேன் சென்டரு போட்டாரு. நல்ல மனுசந்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா மக புருசன் சுரேஷு பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்காரு பாருங்க, அதுலதான் எனக்குச் சனி புடிச்சது. மாப்ள வாயத் தொறந்தா வேதம். அந்தக் கம்பெனில அவருக்கு என்ன வேலைன்னு விசாரிச்சேன். ஆளெடுக்குற வேலையாம். ஆளெடுக்குறவருக்கு சர்வரு தெரியும்னா, ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ ஓட்டுறவரு ஆப்பரேசன் பண்ணலாம்ல?

அய்யா, பேக்கப் எடுக்கணும்னேன். தனியா ஒரு காப்பி எடுத்து, வயரக் கழட்டி, பீரோவுல வச்சுப் பூட்டணும்னேன். மாப்ள சிரிக்கிறாரு. "அதான் ரெப்ளிகேஷன் போட்டாச்சே, ராமேஸ்வரம் பிராஞ்சுல இன்னொரு பொட்டி இருக்கு, இங்க என்ன மாறுனாலும் உடனே அங்கயும் மாறிரும்"ங்குறாரு. அதுதான் சார் எனக்குப் பயமே, இங்கன அழிஞ்சா அங்கனயும் உடனே அழியுமேன்னேன். "ஏன் எப்பவும் நெகட்டிவாவே பேசுறீங்க?"ன்னாரு. நானா? நெகட்டிவா? சரி, விடுங்க.

இன்னைக்குக் காலைல என்ன பண்ணாரு தெரியுமா? மாமனாரு வீட்டுக்குப் பொங்கச் சோறு திங்க வந்த மனுசன், தின்னுட்டுப் படுக்க வேண்டியதுதான? சர்வர் ரூமுக்கு வந்தாரு. பொட்டியில எடம் ரொம்பிருச்சுன்னு செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா பச்ச லைட்டு எரியுது. என்ன சார் பண்ணீகன்னா, "பழைய ஸ்கேன் படமெல்லாம் தூக்கிட்டேன். எதுக்கு அது? அவங்கல்லாம் இந்நேரம் குணமாகியிருப்பாங்க"ன்னாரு. குணமாகியிருப்பாங்களாம். அங்கன நின்னா எதாச்சும் பேசிருவேன்னு வந்துட்டேன். பேசுனா வேல போயிரும்.

வெளிய கவுண்டர்ல மாரிச்செல்வி நிக்கிது. யாரா? மாரியூர்க்காரப் புள்ளக்கா. அது புருசன் பூமிநாதனுக்கு ஈரல்ல கட்டி. நாளைக்கு மதுரைல ஆப்பரேசன். பெரிய டாக்டரு, போன வருசத்துப் படத்தக் கொண்டா, கட்டி வளந்துருக்கா, சும்மா கெடக்கான்னு பாக்கணும், வளரலன்னா கத்தியே வைக்க வேண்டாம்னு சொல்லிருக்காரு. வீட்டுல வச்சிருந்த படம் மழையில ஒட்டிப்போச்சாம். "அக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"ன்னு என்னையப் பாக்குது. இருக்கு தாயி, செத்த உக்காருன்னு சொல்லிட்டு பாத்ரூமுக்குள்ள போயி நின்னேன். வேற எங்க போக?

அப்பத்தான்க்கா ருக்ஸானா நெனப்பு வந்துச்சு. ராமேஸ்வரம் பிராஞ்சுல எக்ஸ்ரே எடுக்குற புள்ள. அந்த இன்னொரு பொட்டி அவ ரூம்ல இருக்கு. அந்த ரூம்ல ஒரே ஒரு ப்ளக்கு. ஒண்ணு பொட்டியச் சொருகணும், இல்ல ஃபேனச் சொருகணும். அவ எதச் சொருகுவா? எனக்கு இங்கன ஸ்க்ரீன்ல 'ராமேஸ்வரம் ஆஃப்லைன்'னு வரும். போனப் போட்டுக் கத்துவேன். "சொருகிட்டேன்க்கா"ம்பா. சொருகியிருக்க மாட்டா. மறுபடி கத்துவேன். போன வாரத்துலேருந்து அந்தப் பொட்டி அணைஞ்சுதான் கெடக்கு. அப்ப என்ன அர்த்தம்? மாப்ள அழிச்சது அங்கன இன்னும் போயிச் சேரல. போன வாரத்துக் காப்பி அப்பிடியே உக்காந்துருக்கு. அந்தச் சோம்பேறிப் புள்ளைய நான் என்னென்ன பேசிருக்கேன் தெரியுமா? மாடுன்னுருக்கேன். மரமண்டைன்னுருக்கேன்.

இனி அந்தப் பொட்டிய யாரும் ஆன் பண்ணக்கூடாது. பண்ணுனா, "ஓ, அங்க அழிச்சாச்சா? நானும் அழிக்கிறேன்"னு அதுவும் தொடச்சுப்புடும். உடனே ஓடிப்போயி நம்ம பக்கத்து வயரப் பிடுங்குனேன். மாப்ள வந்து திரும்பச் சொருகுறாரு. ஏன் சார், அந்தப் புள்ள படம் போயிருமேன்னா, "ராமேஸ்வரம் பொட்டிய ஆன் பண்ணச் சொல்லலாம், அங்க இருக்கறது இங்க வந்துரும்"ங்குறாரு. வராது சார், ஒருவழிப் பாதை, நம்மகிட்ட இருந்து அங்க மட்டுந்தான் போகும்னேன். மொதலாளி, "மாப்ள பாத்துக்குவாரு, நீ தள்ளும்மா"ன்னுட்டாரு. மாப்ள ருக்ஸானா நம்பரத் தேட ஆரம்பிச்சதும் நான் பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்துட்டேன். ஒரு செருப்பு வாரு வேற அந்து போச்சு, பாருங்க.

பாலம் வந்துருச்சா? அய்யோ, இந்தக் காருக்காரனுக நடுப்பாலத்துல நிறுத்தி போட்டோ எடுக்குறானுகளே. கடல நீ இப்பத்தான் பாக்குறியாப்பா? ஏறுப்பா, ஏறிப் போப்பா... ருக்ஸானாவுக்குப் போனு போட்டுக்கிட்டே வாரேன்க்கா, ஒரே ஒரு ரிங்கு, கட்டாகுது. ஒரு ரிங்கு, கட்டாகுது. பிஸியும் இல்ல, சுவிட்ச் ஆஃபும் இல்ல. அது எப்பிடி...

ப்ளாக் பண்ணிட்டா. என்னைய ப்ளாக் பண்ணிட்டாக்கா அவ.

அக்கா, உங்க போனக் கொஞ்சம் தாங்க. ஒரே ஒரு நிமிசம். அட, தாங்கக்கா, ஒரு மனுசன் வயித்துல கத்தி வைக்கிற விசயம்.

அலோ, ருக்ஸானா... வச்சிராதடி, வச்சிராத, நான் துர்கா. திட்டலடி. திட்ட மாட்டேன். மாப்ள கூப்புட்டாரா? ...கூப்புட்டாரா. பொட்டியச் சொருகச் சொன்னாரா? ...நீ என்ன சொன்ன? ...சொருகிட்டேன்னு சொல்லிட்டியா. போச்சு... என்னது? சொருகலையா? சத்தியமா? ...வல்லாஹிங்குற. அல்லா மேல ஆணையாச் சொருகல. அப்ப ஏன் சொருகிட்டேன்னு சொன்ன? ...ஓ. எல்லாருட்டயும் அப்பிடித்தான் சொல்லுவியா. சரி. சரிடி. இல்ல, கோவமெல்லாம் இல்ல. இங்க பாரு, பொட்டிக்குப் பின்னால ஒரு நீல வயரு இருக்கா, இங்கருந்து சேதி வர்ற வயரு? அதப் பிடுங்கி உன் கையில வச்சுக்க. பிடுங்கிட்டியா? ...சொல்றியா, இல்ல நெசமாவே பிடுங்கிட்டியா? போட்டோ அனுப்பு. இந்த நம்பருக்கே அனுப்பு.

என்ன? ...சாரி சொல்லணுமா? பஸ்ஸுக்குள்ள இருக்கேன்டி, எல்லாரும் பாக்குறாக. ...சரி. சாரி. மாடுன்னதுக்கு சாரி. ...ஆமா, மரமண்டைக்கும் சேத்துத்தான். ...உங்க வாப்பா கேட்டுட்டாரா? அன்னைக்கு ஸ்பீக்கர்லயா பேசுன? அட பாவமே. அவருட்டயும் வந்து சொல்றேன். வாரேன், வந்துக்கிட்டே இருக்கேன்.

இந்தா வந்துருச்சுக்கா போட்டோ. பாருங்க, நீல வயரு, மருதாணி வச்ச கையி. அப்பாடா. பூமிநாதன் படம் அதுக்குள்ளதான் இருக்கு. அங்கன ஒரு லேப்டாப்பு இருக்கு, பொட்டிய நேரா அதுலயே மாட்டி, படத்த எடுத்து மாரிச்செல்விக்குப் போன்லயே அனுப்பிருவேன். ராத்திரி மதுரைக்குப் போயிச் சேந்துக்குவாக. மாப்ளைக்கு என்ன பதில் சொல்றதுன்னு பெறகு யோசிப்போம். என்ன சொன்னாலும் அவரு காப்பாத்துனதாத்தான் ஆகப்போகுது, அது வேற... இந்தாங்க, போனப் பிடிங்க. நல்லா இருப்பீக.

என்னக்கா, காதத் தேய்ச்சுக்கிட்டே எந்திரிச்சிட்டீக? இது தங்கச்சிமடம். நீங்க ராமேஸ்வரத்துக்குல்ல டிக்கெட் எடுத்தீக, நான் பாத்தேனே. அக்கா... எக்கா, அடுத்த பஸ்ஸு இப்போதைக்கு வராதுக்கா.

எறங்கிருச்சு. என்னன்னு தெரியலயே, நல்லாத்தான் கேட்டுக்கிட்டு வந்துச்சு.

இது யாரு, எம் போனு அடிக்குது... ருக்ஸானா. சொல்லுடி. ப்ளாக்க எடுத்துட்டியா? ...இல்லடி, சத்தமாப் பேசல, இதான் எங்கொரலு.