ஒருத்தருக்கு மட்டும் சொன்னது

— ரெண்டாவது வீடியோவை ஏன்க்கா போட்டே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

— நீ நாலு நாளா பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அப்பாவைத் தேடி அலையறே. போன் போட்டா எடுக்கறதில்ல. அதான், தையல் மெஷின் முன்னாடி உக்காந்து நானே பேசிப் போட்டேன்டா.

— என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா?

— அது அப்பாவுக்கு மட்டும் சொன்னது.

— அப்பாவுக்கு மட்டுமா?

— கேளேன். 'அப்பாவைக் காணோம்'னு நீ முதல்ல போட்டியே, அதை நேத்துக் காலைல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுப் பேர் பாத்திருந்தாங்க. மத்தியானம் பாத்தா வெறும் ஒண்ணுதான் இருக்கு. எல்லாரும் போய்ட்டாங்க, ஒரே ஒருத்தர்தான் பாத்துக்கிட்டிருக்கார்னு நெனச்சேன். அது அப்பாவாத்தான் இருக்கும்னு மனசு சொல்லிச்சு.

— நம்பருக்குப் பக்கத்துல இங்கிலீஷ் எழுத்து இருந்துச்சாக்கா?

— முதல்ல கே இருந்துச்சு. அப்புறம் எம். ஏதோ கம்பெனி முத்திரைன்னு விட்டுட்டேன்.

— கே-ன்னா ஆயிரம். எம்-னா மில்லியன், அதாவது பத்து லட்சம். சைபரையெல்லாம் எழுத இடம் பத்தாதுன்னு ஒரே எழுத்தாச் சுருக்கிடுவாங்க. யாரும் போகலக்கா. பத்து லட்சம் பேர் பாத்திருக்காங்க.

— அப்ப நான் போட்டது? அதுல அறுபத்திரண்டு கே-ன்னு இருக்கே.

— அறுபத்திரண்டாயிரம் பேர்.

போனை வச்சுடாதேக்கா.

— அத்தனை பேரும் கேட்டாங்களா? அப்பா மறதில வழி தவறிப் போய்ட்டார்னு உன்கிட்ட நான் சொன்னது பொய்னு? கஸ்டமருக்குத் தைச்சு வச்ச கல்யாணச் சட்டையை இஸ்திரி போடறேன்னு பொசுக்கிட்டார்னு, தண்டச்சோறுன்னு சொல்லி, அவர் பையை வெளிய வீசிக் கதவைச் சாத்தினது நான்தான்னு?

— எனக்கே அதைப் பாத்துத்தான் தெரியும்.

— திட்டுடா. இப்படி நிதானமாப் பேசாதே.

— கீழ நிறையப் பேர் எழுதியிருக்காங்க. நீ படிக்காதே.

— அவங்க திட்டறது நியாயம்தான். ஆனா அப்பா காதுல மட்டும் விழணும்னு சொன்னதை ஊரே கேட்டுடுச்சே. மகளே வெளிய தள்ளினான்னு நாலு பேர் அவரைப் பாத்துப் பேச மாட்டாங்களா? எந்த இடத்துல தொட்டா அது அழியும், சொல்லு. இப்பவே அழிச்சுடறேன்.

— அழிக்காதே. அப்பா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கார். இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்றார்.