தேனாம்பேட்டையில் எரிந்த கரி பஸ்

1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி, ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் மாஜிஸ்டிரேட் முன்னிலையில் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னது.

என் பெயர் ஐரின். காலஞ்சென்ற பிலிப் என்பவரின் மூத்த மகள். வயது முப்பத்திரண்டு. விவாகம் ஆகவில்லை. சாந்தோமில் மாதாகோயிலுக்கு வடக்கே குடியிருக்கிறேன். அங்குள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு உபாத்தியாயினியாக இருக்கிறேன். பெற்றோர் இறந்த பிறகு என் தங்கை டோரதியும் நானும் மட்டும் ஒரே வீட்டில் இருந்து வந்தோம்.

சென்ற மாதம் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் மாம்பலத்துக்குப் புறப்பட்டோம். திங்கட்கிழமை டோரதி ரேஷன் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர வேண்டியிருந்தபடியால், அதற்கு உடுத்திக்கொள்ள ஒரு புடவை எடுப்பதாக இருந்தோம். லஸ்ஸில் மாம்பலம் பஸ் நின்றிருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓட்டும் பஸ் அது. கரி எரிக்கும் இரும்பு உருளை பின்புறம் வெளியே பொருத்தியிருந்தது. முன்னால் பெண்களுக்கான இடம் நிறைந்துவிட்டதால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் காலடியிலும் பின்கதவின் மேலும் கரி மூட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின்கதவின் தாழ்ப்பாள் உடைந்து, கதவை வெளிப்புறத்தில் இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

புறப்படுமுன் டிரைவர் முருகையன், கம்பெனி மானேஜர் கணேசமூர்த்தியிடம் பேசியது என் ஜன்னலுக்கு நேர் கீழே. "கம்பி கட்டிக்கினு எத்தினி நாளு சார் ஓட்றது? அவசரம்னா ஜனங்க எப்டி எறங்கும்?" என்று டிரைவர் கேட்டார். "இப்ப இன்னா அவசரம் வந்துடுச்சு? எடு நைனா வண்டிய. நடுவுல கரி போட்றப்ப ஆளுங்கள எறக்கி ஏத்திக்கினு நிக்காத, லேட்டாவுது" என்று மானேஜர் சொன்னார். டோரதியும் இதைக் கேட்டாள். இறங்கிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, கடை சாத்திவிடுவார்கள் என்றாள்.

எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தவர் கரீமுல்லா. ராயப்பேட்டை ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவர் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அன்று வரை அவரை நான் பார்த்ததில்லை. மாஜிஸ்டிரேட் கேட்டதன் பேரில் சொல்கிறேன்: அவர் பீடி எடுத்தது உண்மை. டோரதி "உள்ள வேணாங்க, எனக்கு இருமல் வரும்" என்றதும் சிரித்துவிட்டு அதைக் காதில் செருகிக்கொண்டார். பற்றவைக்கவில்லை.

அதன் பிறகு தேனாம்பேட்டையில் பஸ் நின்றது. கிளீனர் இறங்கிப் பின்னால் போய் உருளையின் மூடியைத் திறந்தான். எங்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை. மூடி திறந்ததும் தீ குபீரென்று எழும்பி, பின்கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து கரிச் சாக்குகளைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் முன்வாசலுக்கு முண்டியடித்ததால் எங்களால் நகர முடியவில்லை. பின்கதவை உதைத்தோம், திறக்கவில்லை. ஜன்னல்களில் குறுக்குக் கம்பி. டோரதியின் புடவை மூட்டைகளுக்கும் பெஞ்சுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மூட்டை சரிந்து அவள் விழுந்தாள். நான் வலது கையால் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, விடாதே" என்றாள். அப்போது வெளியே இறங்கிவிட்டிருந்த கரீமுல்லா திரும்பி வந்து, எரிகிற பக்கத்திலிருந்தே கதவுக் கம்பியைக் கையால் முறுக்கிப் பிரித்துக் கதவைத் திறந்தார். "அம்மா, எறங்கு, எறங்கு" என்று கத்தி என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். டோரதி என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவள்தான் விட்டாள், நான் விடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கரீமுல்லா என்னைத் தெருவோரத்தில் படுக்க வைத்தபோது அந்தப் பீடி பற்றாமலே அவர் காதில் இருந்தது. உடனே டோரதிக்காக மறுபடி ஓடினார். அதற்குள் கூரை விழுந்துவிட்டது. அவரை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது என் வலது கையை எடுத்திருந்தார்கள். டோரதியை அடக்கம் செய்துவிட்டதாக என் சித்தப்பா பிரகாசம் சொன்னார்.

அதன் பிறகு ஒரு நாள் மானேஜர் கணேசமூர்த்தி சித்தப்பாவுடன் வார்டுக்கு வந்து, ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றார். "போலீஸ் கேட்டா, முன்னாடி இருந்த சாயபு பீடி பத்த வச்சான், பொறி சாக்குல வுழுந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சர். வேற ஒண்ணும் வாணாம்" என்றார். புறப்படும்போது, "எங்க மொதலாளி உங்க ஸ்கூலுக்கு வேண்டியவரு. ஒரு கையோட பாடம் நடத்த விடுவாங்களா இன்னான்னு யோசிச்சுக்கோங்க" என்றும் சொன்னார். அவர் போன பிறகு சித்தப்பா என் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "போனவ போயிட்டா ஐரின். கோர்ட்டுக்குப் போனா அவ திரும்பி வருவாளா? நீ பொழைக்கணும்ல?" என்றார். சித்தப்பா கெட்டவர் அல்ல. அவர் பயந்திருந்தார், நானும் பயந்திருந்தேன்.

மறுநாள் ஒரு பெண் வந்து கட்டிலருகே நின்றாள். கரீமுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா என்று சொன்னாள். பீடியால் தீ வைத்ததாகப் புருஷனைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்றும், ரெண்டு உள்ளங்கையும் வெந்து அவரால் சோறு எடுத்துச் சாப்பிட முடியவில்லை என்றும் சொன்னாள். என்னைச் சாட்சி சொல்லும்படி அவள் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு பேரு இன்னாம்மா? பேரு தெரியாமயே அதுக்காக அழுதுகினு கீறாரு" என்று மட்டும் கேட்டாள். டோரதி என்று சொன்னேன். தங்கை இறந்த பிறகு அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அதன் பிறகு நர்ஸம்மாவிடம் சொல்லி, மாஜிஸ்டிரேட்டை வரவழைக்கும்படி நானாகவே கேட்டுக்கொண்டேன். தீ கரீமுல்லாவால் வரவில்லை. பின்கதவைக் கட்டி வைத்ததும், ஆட்களை இறக்காமல் கரி போடச் சொன்னதும் கம்பெனி. என் தங்கையின் உயிருக்கும் என் கைக்கும் அவர்கள்மேல் வழக்குத் தொடர எனக்குள்ள உரிமையை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. என் சார்பில் சித்தப்பாவோ வேறொருவரோ சம்மதம் கொடுத்திருந்தால் அது என்னைக் கட்டுப்படுத்தாது. வேலை போனாலும் இந்த வாக்குமூலத்தை மாற்றமாட்டேன்.

இதில் கண்டவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். பிறர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஐரின்

மாஜிஸ்டிரேட்டின் குறிப்பு: கரீமுல்லாவை ஜாமீனில் விடுவது பற்றி இன்றே விசாரிக்க, இவ்வாக்குமூலம் அவர் வழக்குக் கட்டுடன் சேர்க்கப்படுகிறது. சாட்சிக்கு வலது கை இல்லாதபடியால் இடது பெருவிரல் ரேகை போதும் என்று சொன்னேன். எழுதத் தெரிந்தவள் நான், ரேகை வைக்கமாட்டேன் என்று சொல்லிப் பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.