கால் தவறியவர்கள்

சாப்பாட்டுக்கு முன் வேலையை மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேஜை துடைத்துவிட்டாற்போல் இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை வைத்தே, இன்ஸ்பெக்டர், நீங்கள் என்னைப் பிடித்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. காரணம் எழுத நான்கு கட்டங்கள்: நோய், விபத்து, தற்கொலை, கொலை. கடைசியில் பதிந்த நேரம். எங்கள் பெரிய டாக்டர் நல்லவர், ஆனால் சோம்பேறி. வெற்றுச் சீட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "நீயே பாத்து எழுதிக்கப்பா" என்பார். நானும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

முதலில் அப்படி எழுதியது என் தம்பிக்கு. பழைய ஆற்றுப் பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறதே, அங்கிருந்துதான் போனான். செருப்பை ஜோடியாக விட்டிருந்தான். அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்து, விபத்துக் கட்டத்தில் 'குளிக்கும்போது கால் தவறி' என்று எழுதினேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அழுதாள், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளையாவது காப்பாற்றினோமே என்று நிம்மதியாக இருந்தது. தம்பி மேல்தான் இன்னும் கோபம் தீரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிறகு அதே மாதிரி பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றவர்கள் வந்தார்கள். "ஊர் வாய மூட முடியாது சார், நீங்கதான் பாத்துப் பண்ணணும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஒரே மாதிரி எழுதினால் கண்ணை உறுத்தும் என்பதால் துணி துவைக்கையில், மாடு குளிப்பாட்டுகையில், மீன் பிடிக்கையில் என்று வேலையையும் இடத்தையும் மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு அம்மா மட்டும், "எம் பையன் மீனக் கண்டாலே எட்டடி தள்ளி நிப்பானே சார்" என்றாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பரவால்ல, இருக்கட்டும்" என்றாள்.

போன மாதம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான். எந்த ஊரில் மக்கள் எதனால் சாகிறார்கள் என்று கணக்கெடுக்கிற வேலை.

"இத்தனை வருஷத்துல இங்க ஒரு தற்கொலைகூட இல்லையே, எப்படி சார்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பதினோரு பேர் சார். எல்லாருமே அதே பாலம், அதே இடம். ரெண்டாவது ஆளுக்காவது நிஜத்த எழுதியிருந்தா அந்தச் சுவரக் கட்டியிருப்பாங்க. மனசு விட்டுப் பேச ஒரு ஆளப் போட்டிருப்பாங்க. பாதிப் பேராவது இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாங்க. உங்க தம்பியும் அதுல ஒருத்தர்தானே?"

"எங்க அம்மாவுக்குத் தெரியாது" என்றேன்.

"அவங்களையும் பாக்கணும் சார். மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

வேலை போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். அம்மாவை அவர் இழுத்திருக்கக் கூடாது.

மறுநாள் காலையில், அந்த இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று நானே கூட்டிப்போனேன். இடிந்த பகுதியை அளக்க டேப் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு விளிம்பில் குனிந்தார். எனக்கு முதுகைக் காட்டி நிற்கிற அளவுக்கு நம்பியிருந்தார். "நேத்து உங்க அம்மாகிட்ட..." என்று எதையோ ஆரம்பித்தார். கேட்க விருப்பமில்லை. கையை வைத்தேன். பலமாகக்கூட இல்லை.

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் பழக்கதோஷம். 'ஆற்றங்கரையில் ஆய்வின்போது கால் தவறி. பதிந்த நேரம் பன்னிரண்டு நாற்பது.' எழுதி முடித்துச் சாப்பிட்டேன். நீங்கள் உடலைக் கண்டெடுத்ததோ நான்கு மணிக்கு.

அன்று சாயங்காலம் அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் ஒரு டாக்டர் பொண்ணு வந்துச்சுடா. தம்பி பாலத்துலருந்து தானாத்தான் குதிச்சான்னு சொல்லிட்டேன். எனக்கு அன்னைக்கே தெரியும். நீ மறைக்க அவ்வளவு பாடுபட்டியேன்னுதான் வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதும் நெஞ்சுல இருந்த பாரமே எறங்கிடுச்சு. இன்னைக்கும் வர்றேன்னு சொல்லுச்சு, ஏன்டா இன்னும் காணோம்?"

அந்தப் பெண்ணை ஆற்றில் தள்ளியது நான்தான். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதினோரு பேர் சாவையும் என் தலையில் கட்டுகிறீர்களே, அதை ஏற்க முடியாது. சந்தேகம் இருந்தால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கொலைக்கான கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை.