ஷெர்லி மாஸ்டர் மைதானத்தில் வரைந்த கடல்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, குளச்சலிலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, திங்கள்நகர் வணிகர் சங்கப் பெரியவர்களே, துயரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நம்மை வாசலில் நின்று வரவேற்ற, ஷெர்லி மாஸ்டரின் கணவர் தம்பி ஜாஸ்பர் அவர்களே, முன்வரிசையில் சீருடையோடு இருக்கும் என் இசைக்குழுச் சகோதரிகளே, மண்டபத்தில் இடம் போதாமல் வெளியே வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே! நம் மாஸ்டரின் நினைவாகக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தாணம்மாள். முப்பத்துமூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். ஓய்வுபெற்ற மறுமாதம் நம் மகளிர் பேண்டு இசைக்குழுவில் சேர்ந்து ஜால்ரா தட்டத் தொடங்கினேன். சிம்பல் என்று சொல்லுங்கள் என்று மாஸ்டர் திருத்துவார். ஊர் திருந்துமா? இன்றைக்கும் நான் ‘ஜால்ரா டீச்சர்’தான். ஒன்று மட்டும் சொல்வேன். ஏழு ஆண்டுகள் ஷெர்லி மாஸ்டரின் குழுவில் ஜால்ரா தட்டியிருக்கிறேன். அவருக்கு ஒருநாளும் ஜால்ரா போட்டதில்லை! அதனால் இன்று நான் அவரைப் புகழ்ந்தால் நீங்கள் நம்பலாம்.

யார் இந்த ஷெர்லி? குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்துவிட்ட உதவியாளர். அந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர்கள் பேண்டு வாத்தியங்களோடு மைதானத்தில் இறங்கி, நடந்து நடந்தே ஒரு கதையைச் சொல்வார்களாம். கோட்டை எழும்புமாம். கப்பல் போகுமாம். எல்லாம் மனிதர்கள்! ஓரத்தில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்று ஷெர்லி அதைப் பார்த்திருக்கிறார். பதினோரு ஆண்டுகள், பதினோரு முறை. சிறுவயதில் சபை பேண்டில் டிரம்பெட் ஊதிப் பழகியவரை அந்தக் காட்சி சும்மா இருக்கவிடுமா?

ஊர் திரும்பினார். ஒன்பது பெண்களைச் சேர்த்தார். மீன் விற்பவர்கள், தையல்காரிகள், முந்திரி ஆலையில் வேலை செய்தவர்கள். பெண்கள் கல்யாண ஊர்வலத்துக்குப் பேண்டு வாசிக்கிறார்களா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். பரவாயில்லை, பிறகு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வந்தோம்! ஒன்பது பேர் நாற்பத்திரண்டு பேர் ஆனார்கள். அப்போதுதான் ஒருநாள் மாஸ்டர் சொன்னார்: “டீச்சரே, இனி நாம பாட்டு மட்டும் வாசிச்சா போராது. கதை சொல்லணும். நாகர்கோவில்ல போட்டி வருது. நான் ஒரு கிரீஸ் தேசத்துக் கதைய எடுத்து வச்சிருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. தமிழாசிரியை அல்லவா? “நமக்குக் கதையா இல்லை? கிரேக்கத்திடம் போய்க் கையேந்த வேண்டுமா?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“நம்ம கதைய எடுத்தா இது எங்களுக்கது, அது உங்களுக்கதுன்னு நம்மளுக்குள்ளயே அடி வரும் டீச்சரே. நம்ம கூட்டத்துல அம்பலத்துக்குப் போறவிய உண்டு, பள்ளிவாசலுக்குப் போறவிய உண்டு, சர்ச்சுக்குப் போறவியளே ரெண்டு மூணு விதம் உண்டு. இந்தக் கதை இஞ்ச ஒருத்தருக்கதும் இல்ல. அப்போ எல்லாருக்குமுள்ளது ஆயிரும்லா?”

முப்பத்துமூன்று ஆண்டுகள் பாடம் நடத்திய நான் அன்று மாணவியாக உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டேன்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேயிக்ஸ் என்றோர் அரசன். அவன் மனைவி அல்கியோனி, காற்றுகளுக்கெல்லாம் தலைவனின் மகள். கடலுக்குப் போகாதே என்று அவள் கெஞ்சுகிறாள். அவன் போகிறான். புயலில் கப்பல் உடைகிறது. அது தெரியாமல் அவள் நாள்தோறும் அவனுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் ஒரு காலை, கரைக்கு ஓடிப்போகிறாள். அலையில் அவன் உடல் மிதந்து வருகிறது. அவள் கடலில் பாய்கிறாள். தேவர்கள் இரங்கி, இருவரையும் மீன்கொத்திப் பறவைகளாக மாற்றிவிடுகிறார்கள்.

இதை மைதானத்தில் எப்படி நடத்துவது? குலசேகரத்திலிருந்து வரும் நம் ஜிஷா ஒரு பை நிறைய ரப்பர் கொட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்திரண்டு கொட்டைகளிலும் நகப்பூச்சால் எங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதி, மாஸ்டர் தம் வீட்டு மொட்டைமாடியில் பரப்பினார். எட்டு அடி எடுத்து வைத்தால் ஒரு புள்ளி. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு யார் எத்தனை எண்ணிக்கையில் போக வேண்டும், போகும்போது எந்தப் பக்கம் முகம் இருக்க வேண்டும், வாத்தியம் எங்கே திரும்ப வேண்டும்? எல்லாவற்றையும் கொட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து நோட்டில் எழுதினார். துணி காயப்போட மாடிக்கு வந்த ஜாஸ்பர் தம்பி மூன்று முறை அந்தக் கடலை மிதித்துக் கலைத்தார். “எனக்க வீட்டுல கால் வைக்க எடமில்ல, டீச்சரே” என்று என்னிடம் முறையிட்டார். நான்காவது முறை அவரே உட்கார்ந்து கொட்டை நகர்த்தினார்!

ஆனால், சபையோரே, நான் இன்று சொல்ல வந்தது அதுவல்ல.

பயிற்சியின் முதல் நாள். எங்களை வட்டமாக உட்காரவைத்து மாஸ்டர் கதையைச் சொன்னார். எங்கள் பெரிய டிரம் வாசிக்கும் விண்ணரசியை உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையைச் சூறையாடிய அந்தப் புயலில் கணவர் மரியஜானைக் கடலுக்குக் கொடுத்தவர். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அவருக்கு நினைவுத் திருப்பலிகூட நடத்தவிடாமல் ஆண்டுக்கணக்காகப் பிடிவாதமாக இருந்தவர். அலையில் உடல் மிதந்து வந்தது என்று மாஸ்டர் சொன்ன அந்த இடத்தில் விண்ணரசி எழுந்தார். தோள் வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் வைத்தார்.

“அவளுக்க மாப்பிளைக்க உடம்பாவது கரைக்கு வந்துது. எனக்க ஆளுக்கு அதும் வரல்லியே! இத வச்சு நீங்க கைதட்டு வாங்கப் போறியளா, மாஸ்டரே?”

போய்விட்டார். நாற்பத்தோரு பெண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் மாஸ்டர் என்னையும் அழைத்துக்கொண்டு குளச்சலுக்குப் பஸ் ஏறினார். ஏலம் முடிந்து விண்ணரசி மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷெர்லி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். சமாதானம் சொல்லுவார், கலையின் பெருமையைச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்:

“தப்பு எனக்கதாக்கும். ஒங்கிட்ட கேக்காம தொடங்கிட்டேன். கதைய விட்டுருதேன். நீ மட்டும் வா, மக்கா.”

“மீன் வேணுமா? இல்லேன்னா வழிய விடுங்க” என்றார் விண்ணரசி.

வழியை விட்டோம். மாஸ்டர் வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்பத்திரண்டு கொட்டைகளையும் அள்ளிப் பையில் போட்டார். நான்கு மாத உழைப்பு! ஒரு பெண்ணின் மனம் நோகுமென்றால் நான்கு மாத உழைப்பு வேண்டாம் என்று வைத்துவிட யாரால் முடியும்? போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று என்று நாங்கள் முணுமுணுத்தபோதும் அவர் அசையவில்லை. இரண்டு வாரம் பழைய ஊர்வலப் பாட்டுகளையே வாசித்தோம்.

மூன்றாவது சனிக்கிழமை விண்ணரசி மைதானத்துக்கு வந்தார். டிரம்மைத் தொடவில்லை. நேராக மாஸ்டரிடம் போய் நின்றார்.

“நான் பாதியில எழும்பிப் போனேம்லா? அதுக்குப் பெறவு என்ன ஆச்சு?”

ஷெர்லி சொன்னார். மீன்கொத்திகள் ஆனார்கள். அவள் கடலோரத்தில் கூடு கட்டினாள். குளிர்காலத்தில் முட்டையிட்டாள். மகளின் கூடு நனையக் கூடாது என்று காற்றின் தலைவன் பதினான்கு நாள் எல்லாக் காற்றையும் கட்டிவைத்தான். அந்தப் பதினான்கு நாளும் கடல் அசையாது.

விண்ணரசி கேட்டார்: “அப்பனால காத்தக் கெட்ட முடியுமுன்னா, மொதல்லயே கெட்டியிருக்கலாமே?”

அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது? கிரேக்கத்தில் இருந்ததா? நம்மிடம் இருக்கிறதா? ஷெர்லி பதில் சொல்வதுபோல் பாசாங்கு செய்யவில்லை. “எனக்குத் தெரியாது, மக்கா” என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு விண்ணரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மீன் விலை பேசுவதுபோல் கறாராகச் சொன்னார்:

“செரி. நாம இதச் செய்வோம். அந்தப் பதினாலு நாள எனக்குத் தாங்க. ஆனா அவனா நடிக்க ஒருத்தரும் நிக்காண்டாம். செத்து வாறதும் காட்டாண்டாம். அவனுக்க எடம் காலியா கெடக்கட்டும்.”

அன்று மாலையே மாஸ்டர் முழு வடிவத்தையும் மாற்றினார். அரசனாக நிற்க வேண்டிய ஜிஷா வரிசைக்குத் திரும்பினார். எங்கள் அணிவகுப்பின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு வெற்றிடம். நாங்கள் நடந்தால் அதுவும் நடக்க வேண்டும். நாங்கள் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும். புயலில் வரிசைகள் சிதறி ஓடி மறுபடி சேரும்போதும் அது அங்கேயே இருக்க வேண்டும். யாரும் மிதிக்கக் கூடாது, யாரும் குனிந்து பார்க்கவும் கூடாது. இல்லாத ஒருவருக்கு வழிவிட்டு நடப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியுமா? எத்தனை முறை ஒருவர்மேல் ஒருவர் மோதினோம்! எத்தனை முறை நான் அந்த இடத்துக்குள்ளேயே போய் நின்று திட்டு வாங்கினேன்! “டீச்சரே, அங்க ஆளு நிக்குது!” என்று விண்ணரசியே கத்துவார்.

போட்டி நாள் வந்தது. நாகர்கோவில் மைதானம். பளபளக்கும் குழுக்கள், கல்லூரி இளைஞர்கள், தொப்பியில் இறகு வைத்தவர்கள். நடுவில் நாங்கள். கப்பல் புறப்பட்டது. புயல் அடித்தது. நீலக் கொடிகள் சுழன்றன. கடைசியில் அணி இரண்டாகப் பிரிந்து, வெற்றிடத்தின் இருபுறமும் இரண்டு பறவைகளாக விரிந்தது. அப்போது எல்லா வாத்தியமும் நின்றது. பதினான்கு எண்ணிக்கை மௌனம். நாற்பத்திரண்டு பெண்களும் அசையாமல் நின்றோம்.

பார்வையாளர் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார். “மறந்து போச்சு போல!” என்று ஒரு குரல். மாஸ்டரின் கைக்கோல் அசையவில்லை. தூக்கிய ஜால்ராவை இறக்காமல் நின்றேன். ஒன்பதுவரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது! என்ன செய்வேன்? விண்ணரசியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது எண்ணிக்கையில் அந்தப் பெரிய டிரம் முழங்கியது. மைதானமே எழுந்து நின்றதென்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஓர் ஓரத்தில் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குப் புரிந்திருந்தது.

எங்களுக்கு நான்காம் இடம். வாத்திய ஓசை நின்றுபோன நேரத்துக்காக மதிப்பெண் குறைத்ததாக நடுவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டியோடு ஊரைத் தாண்டியதும் விண்ணரசி யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

“நாளைக்கு பாதர்கிட்ட போய் பூசைக்கு எழுதிக் குடுக்கணும். மரியஜானுக்கு.”

ஷெர்லி தம் இருக்கையிலிருந்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தத் திருப்பலியை நடத்திய பங்குத்தந்தை இங்கே மேடையில் இருக்கிறார். அன்று கோயில் முற்றத்தில் நாங்கள் வாசித்தோம். வாசித்து முடித்ததும் புயலில் கணவரை இழந்த இன்னும் ஐந்து பெண்கள் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். சொல்லுங்கள், அன்று முதலிடம் பெற்றது யார்? கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களா? துக்கத்தோடு வீட்டுக்குள் இருந்தவர்களை மைதானத்துக்கு அழைத்துவந்தவரா?

பெருமக்களே! சென்ற மாதம் ஒரு காலையில், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஐம்பத்துமூன்றாவது வயதில், மாரடைப்பு அந்தப் பெருந்தகையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. கல்லறைவரை நாங்கள்தான் வாசித்துக்கொண்டு போனோம். அன்று முன்னால் நடந்து அணியை நடத்தியவர் விண்ணரசி. நேற்று குழு கூடி, இனி நம் மாஸ்டர் அவர்தான் என்று ஒரே குரலில் முடிவு செய்திருக்கிறது. எழுந்து நில்லுங்கள், விண்ணரசி மாஸ்டர்! சபை உங்களைப் பார்க்கட்டும்.

இன்னொரு செய்தி. ஷெர்லி மாஸ்டர் அடுத்த ஆண்டுக்கு வரையத் தொடங்கிய நோட்டை ஜாஸ்பர் தம்பி எங்களிடம் கொடுத்திருக்கிறார். இதுவும் கிரேக்கக் கதைதான். பாதாளத்துக்குக் கொண்டுபோகப்பட்ட மகளை உலகமெல்லாம் தேடி அலைந்து மீட்கிற தாயின் கதை. அவள் மகளைக் கண்ட பிறகே வயல்கள் பச்சையாகின்றனவாம். மூன்று பக்கம் வரைந்திருக்கிறார். நான்காம் பக்கத்தில் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. அதன் அடியில் ஒரே ஒரு வரி: ‘மகள் திரும்பி வரும் இடம். வரைவதற்கு முன் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.’

கேட்போம், மாஸ்டர்! நீங்கள் எழுதியபடியே கேட்போம். மிச்சப் பக்கங்களை நாங்கள் வரைவோம். அந்தத் தாயை நாங்கள் நடத்திக் கூட்டிவருவோம். இது நாற்பத்தேழு பெண்கள் இந்தச் சபைமுன் கொடுக்கும் வாக்கு!

தாய்மார்களே, சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் பயிற்சி தொடங்குகிறது. இசை தெரிய வேண்டியதில்லை. காணாமல்போன மகளைக் கண்ட அந்தக் கணத்தில் ஒரு தாய் முதலில் என்ன செய்வாள்? ஓடுவாளா, நிற்பாளா, திட்டுவாளா? யோசித்துப் பதிலோடு வாருங்கள். வாத்தியம் நாங்கள் தருகிறோம்.